ஈஸ்டர் என்ற பெயர் இஷ்தார் தெய்வத்திலிருந்து வந்ததா? கிறிஸ்தவப் பண்டிகைகள் எல்லாம் புறச்சமயப் பண்டிகைகளா?

இஷ்தாரிலிருந்து வரவில்லை. ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும், 'ஈஸ்டர் என்பது இஷ்தார்தான்' என்று எழுதி முட்டையும் முயலும் போட்ட ஒரு படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பிலும் சுற்றும். போன வருடம் மச்சாள் அதைப் பார்த்துவிட்டு, "அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் ஆரைக் கும்பிட்டனாங்கள்?" என்று மனம் நொந்து கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

இஷ்தார் மெசொப்பொத்தேமியத் (இன்றைய ஈராக் பகுதி) தெய்வம். பெயர் அங்கு பேசப்பட்ட பழைய அக்காடிய மொழிப் பெயர். ஈஸ்டர் பழைய ஆங்கிலச் சொல். காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. இந்த முடிச்சைப் பரப்பியவர் 1850களில் கத்தோலிக்கத் திருச்சபையைச் சாடி எழுதிய அலெக்சாந்தர் ஹிஸ்லொப் என்ற ஸ்கொட்லாந்துப் போதகர்.

ஆனால் ஈஸ்டர் என்ற பெயருக்குப் பின்னால் வேறொரு தெய்வம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. 725இல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி காலக்கணக்கு பற்றி எழுதிய நூலில், தம் முன்னோர் ஏப்ரல் மாதத்துக்கு ஈஓஸ்திரே என்ற பெண் தெய்வத்தின் பெயரை வைத்திருந்தார்கள் என்றும், பாஸ்கா, அதாவது உயிர்ப்புத் திருவிழா, அந்தக் காலத்தில் வருவதால் பழைய பெயரே அதற்கும் நிலைத்துவிட்டது என்றும் சொல்கிறார். முயலைப் பற்றியோ முட்டையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்தது. நாற்பது நாள் சேர்ந்த முட்டைக்குப் பண்டிகையன்று மவுசு வந்ததில் புதுமை ஒன்றுமில்லை.

இந்தப் பெயர்ச் சிக்கல் ஆங்கிலத்துக்கும், 'ஓஸ்டர்ன்' என்னும் ஜெர்மனுக்கும்தான். கிரேக்கத்தில் பாஸ்கா, இத்தாலியனில் பாஸ்குவா, பிரெஞ்சில் பாக்: எல்லாம் 'பெசாக்' என்ற யூதர்களின் பாஸ்காப் பண்டிகைப் பெயரிலிருந்து வந்தவை. ஆங்கிலேயர் ஞானஸ்நானம் பெறுவதற்கு நானூறு வருடங்களுக்கு முன்பே இதை எந்த நாளில் கொண்டாடுவது என்று உரோமைத் திருச்சபையும் சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) திருச்சபைகளும் வாக்குவாதப்பட்டிருக்கின்றன. 'உயிர்த்த ஞாயிறு' என்கிறோமே, ஞாயிறு என்றால் சூரியன். பூசைக்குப் போகிற யாரும் சூரியனைக் கும்பிடப் போவதில்லை என்றேன். மச்சாள் முகம் அப்போதுதான் தெளிந்தது.

டிசம்பர் 25 இதைவிடக் கடினம். 274இல் அவுரேலியன் என்ற உரோமைப் பேரரசன் 'வெல்லப்படாத சூரியனுக்கு' கோயில் கட்டினான். 354இல் தொகுத்த உரோமை நாட்காட்டி ஏட்டில் அதே டிசம்பர் 25இல் 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள்' இருக்கிறது. அதே ஏட்டின் வேறொரு பகுதியில், அதே தேதியில், யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்றும் இருக்கிறது. எது எதைப் பார்த்து வந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இன்னொரு வழியும் உண்டு: சுமார் 200இலேயே தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இயேசு இறந்த நாளாக மார்ச் 25ஐச் சொல்கிறார். இயேசு கருவான நாளும் இறந்த நாளும் ஒன்றே என்ற நம்பிக்கையைப் பின்னாளில் ஆயர் அகுஸ்தீனார் எழுதிவைத்தார். மார்ச் 25 இன்றும் நமக்கு, மரியாள் கருவுற்றதை நினைக்கும் மங்கள வார்த்தைத் திருநாள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. எனக்கு இந்தக் கணக்கில்தான் அதிக நம்பிக்கை. ஆனாலும் பக்கத்தில் நின்ற சூரியத் திருவிழாவின் நிழல் இதில் விழவே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இலங்கைத் தமிழர் நாங்கள் கிறிஸ்மஸை நத்தார் என்போம். போர்த்துக்கேயரின் 'நத்தால்' அது; லத்தீனில் 'நத்தாலிஸ்', பிறந்தநாள். அந்த ஏட்டில் சூரியனுக்கு எழுதிய சொல்லும் அதுதான். அம்மம்மா ஆயுள் முழுக்க நத்தார் பலகாரம் சுட்டது பெத்லகேமில் பிறந்த பாலனுக்காக.