சோதனையில் ஒன்றுமில்லை என்றால் வலியும் இல்லையா?

அன்புள்ள ஐயா,

நான் பாம்பனில் இருக்கிறேன். வயது 34. கணவர் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் வேலை செய்கிறார். சில வருடங்களாக எனக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்டவுடன் உப்பி இறுக்கிப் பிடிக்கும். ஒரு நாள் நான்கைந்து முறை போகும், அடுத்த இரண்டு மூன்று நாள் போகவே போகாது. அவர் கடலில் இருக்கும் இரவுகளில் வலி அதிகம். எல்லை தாண்டியதாகப் படகைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும், உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தேவலை.

ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று. “ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் மனசுதான்” என்று சொல்லி, இரவில் போட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார் மருத்துவர். தம்பி அட்டையைப் பார்த்துத் தேடினான். அமிட்ரிப்டிலின், மனச்சோர்வுக்குக் கொடுப்பதாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் நடிக்கவில்லை ஐயா. இரண்டே நாளில் நிறுத்திவிட்டேன். இப்போது தம்பி ‘நல்ல பாக்டீரியா’ கேப்ஸ்யூல் வாங்கித் தந்திருக்கிறான். மகிழ்ச்சி தரும் செரடோனின் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறது, குடல் சரியானால் மனமும் சரியாகும் என்று வீடியோவில் சொன்னார்களாம். மாமியாரோ கடற்பாசிக் கஞ்சி குடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நடிக்கவில்லை. நான் மருத்துவன் அல்ல. ஆனாலும் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

உங்களுக்கு எடுத்த சோதனைகள் புண், கட்டி, அடைப்பு, வீக்கம் ஆகியவற்றைத் தேடுபவை. அவை இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் குடல் எந்த வேகத்தில் அசைகிறது, அதன் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக உணர்கின்றன என்பதை ஸ்கேன் காட்டாது. குடல் சுவருக்குள்ளேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளையின் அடியிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு, வயிற்றின் சேதியை மேலே கொண்டுபோவதற்கே இருக்கின்றன. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் ‘ஐ.பி.எஸ்.’ என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் குடல் எரிச்சல் நோயோடு பொருந்துகின்றன. இந்த நோய் உள்ளவர்களின் குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் சும்மா இருக்கும் அளவிலேயே இவர்களில் பலருக்கு வலித்துவிடுகிறது. 2016 முதல் மருத்துவ உலகம் இதைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்புக் கோளாறு என்றே வகைப்படுத்துகிறது.

உங்கள் மருத்துவர் எழுதிய மாத்திரை சரி. சொன்ன வாக்கியம்தான் தவறு. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்துதான், ஆனால் அதற்கு அளவு பல மடங்கு அதிகம். வயிற்றுக்குப் பெரும்பாலும் 10 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள். அந்தச் சிறிய அளவில் அது வலியைக் கடத்தும் நரம்புகளின் கூச்சலைத் தணிக்கிறது. இங்கிலாந்தில் இதே நோய் உள்ள 463 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களைவிட அமிட்ரிப்டிலின் போட்டவர்களுக்கு நல்ல பலன் இருந்தது. இது இரண்டு நாளில் வேலை காட்டும் மருந்தல்ல, வாரங்கள் ஆகும். வாய் உலரும், தூக்கம் வரும், மலச்சிக்கலும் வரலாம். உங்களுக்கு இடையிடையே மலம் கட்டிக்கொள்வதால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். இதையெல்லாம் விளக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தியதால் ஒரு நல்ல மருந்து குப்பைக்குப் போயிருக்கிறது.

தம்பியின் செரடோனின் கணக்கு பொய்யல்ல, பாதி உண்மை. உடலின் செரடோனினில் பெரும்பகுதி குடலில்தான் உருவாகிறது. ஆனால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. அங்கே காவல் கடுமை. குடலின் செரடோனின் குடலை அசைக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. வீடியோக்காரர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொன்னால் கேப்ஸ்யூல் விற்காது. 2011இல் லாக்டோபாசிலஸ் என்ற ‘நல்ல பாக்டீரியா’வில் ஒரு வகையைக் கொடுத்தபோது எலிகளின் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்தப் பலன் போய்விட்டது. உலகமே கொண்டாடியது. அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2017இல் வந்தது. வெற்று மாத்திரையைவிட ஒரு பலனும் இல்லை. அதை யாரும் வீடியோ போட்டுக் கொண்டாடவில்லை.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கும் உங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மரிக்கொழுந்துப் பாசி விலைக்குப் போகும். கஞ்சிப்பாசி, பெயரே சொல்வதுபோல், வீட்டு அடுப்புக்கும் வரும். வெயிலில் வெளுத்த பாசியைக் கழுவிக் கொதிக்கவைத்தால் தண்ணீர் கூழாகத் திரள்வது அதிலுள்ள அகர் என்ற பொருளால். நம் உடலின் நொதிகளால் அகரைச் செரிக்க முடியாது. பெருங்குடல்வரை அப்படியே போகும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தகுந்த கருவி இருந்தால்தான் அதை உடைக்க முடியும். 2010இல் ஓர் அதிசயமான செய்தி வந்தது: கடற்பாசி உண்ணும் ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாக்களிடம், பாசியை உடைக்கும் மரபணு ஒன்று கடல் பாக்டீரியாவிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. சாப்பாட்டோடு கடலின் ஒரு கைவேலையும் குடலுக்குள் குடியேறியிருக்கிறது!

இதனால் பாசிக் கஞ்சி உங்கள் நோய்க்கு மருந்தாகிவிடாது. ஒத்துக்கொண்டால் குடியுங்கள். கரையும் நார்ச்சத்து இந்த வகை வயிற்றுக்குப் பெரும்பாலும் இதம்; கோதுமைத் தவிடு பலருக்கு வாயுவைத்தான் கூட்டும். எதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெங்காயம், பூண்டு, பயறு வகைகள் உப்புசத்தைக் கிளப்புகின்றனவா என்று கவனியுங்கள். முண்டு மிளகாய் நம் மாவட்டத்தின் பெருமைதான், 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் மிளகாயின் காரம் நேராக வலி நரம்புகளைத் தொடுவது. கருவாட்டுக் குழம்பில் சில வாரம் பாதியாக்கிப் பாருங்கள், வீட்டில் முணுமுணுப்பு எழுந்தாலும்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தடைக்காலத்தில் தேவலை என்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் வருமானம் கிடையாது, செலவுக்கு முடை, ஆனாலும் வயிறு அடங்குகிறது. எண்டோஸ்கோபி சொல்லாததை இந்த வரி சொல்கிறது. ஆனால் உடனே ‘பார்த்தாயா, மனசுதான்’ என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அந்த இரண்டு மாதம் நீங்கள் இரவில் தூங்குகிறீர்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள். பயம், தூக்கம், சாப்பாட்டு நேரம் மூன்றும் ஒன்றாக மாறுகின்றன. தவிர, கணவர் பிடிபடுவாரோ என்று பாம்பனில் ஒரு பெண் பயப்படுவது வீண் கற்பனையும் இல்லை. அந்தப் பயத்தைக் கஞ்சியோ கேப்ஸ்யூலோ கரைக்காது. இரவு முழுக்க நெஞ்சு படபடத்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஒரு நோட்டு போடுங்கள். படகு போன நாள், தூங்கிய நேரம், சாப்பிட்டது, வலி, எத்தனை முறை போனது, இவ்வளவு போதும். சில வாரம் எழுதி அதே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைக்காதீர்கள். ‘மனசுதான்’ என்று சொன்னதால்தான் நிறுத்தினேன் என்பதையும் சொல்லுங்கள், அவர் கேட்டுக்கொள்ளட்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இரத்தசோகை, இவற்றில் ஏதாவது இருந்தால் நோட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

கேப்ஸ்யூல் டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை என்றால் தம்பியிடம் கொடுத்து, பில்லோடு கடைக்கு அனுப்புங்கள். திருப்பி எடுத்துக்கொள்கிறார்களா பார்க்கலாம்.

அன்புடன்.