மொறிஸ் மைனருக்கு டர்போ என்ஜின்: சைலன்சர் பைப் எத்தினை இஞ்சி?

புதுக்குடியிருப்புத் தம்பி ஒராள் கேட்டிருக்கிறார். அப்பாவின்ர மொறிஸ் மைனருக்கு நிசான் சிஏ18டிஇடி டர்போ என்ஜின் இறக்கியாச்சாம், இப்ப சைலன்சர் பைப்பில வந்து நிக்குதாம். வவுனியாவில ஒரு கடைக்காரர் மூண்டு இஞ்சி ஸ்டெயின்லெஸ் செட்தான் போடோணும் எண்டு பெரிய விலை சொல்லுறார், வீட்டுக்குக் கிட்ட இருக்கிற வெல்டிங்காரர் தண்ணிக்குழாய் ஜீஐ பைப்பே காணும் எண்டுறார், ஆற்ற கதையைக் கேக்கிறது?

ரெண்டு பேற்றயும் விடுங்கோ தம்பி. இரண்டரை இஞ்சி, மைல்ட் ஸ்டீல், ஒண்டரை மில்லி கனம். அலுமினியம் பூசின பைப் கிடைச்சா இன்னும் நல்லம், கறள் பிடிக்கச் சுணங்கும். அந்த என்ஜின் நிசான் சில்வியாக் காரில வரேக்க 175 குதிரைவலு, அதுக்கு இரண்டரை தாராளம். மூண்டு இஞ்சி போட்டா உங்களுக்குக் கிடைக்கப்போறது சத்தமும், உள் கிறவல் றோட்டில அடிச்சு நசுங்கின பைப்பும்தான். ரெண்டு இஞ்சியும் வேண்டாம், டர்போவுக்குப் பின்னால அடைச்சு வைச்சா, புகை தள்ளிச் சுத்துற டர்போச் சக்கரம் வேகம் பிடிக்கப் பிந்தும். "கொஞ்சம் அடைப்பு இருந்தாத்தான் இழுவை வரும்" எண்டு பழைய ஆக்கள் சொல்லுவினம், மண்ணெண்ணெயில ஓடின காலத்து ஒஸ்ரினுக்கு அந்தக் கதை சரியோ பிழையோ, டர்போவுக்குச் சரிவராது.

ஜீஐ பைப்பைத் தொடவே வேண்டாம். அதில பூசியிருக்கிற நாகம் 419 பாகையில உருகும், டர்போவால வெளிய வாற புகை மிதிச்சு ஓடேக்க அதைவிட எவ்வளவோ சூடு. வெல்டிங் பண்ணேக்க வாற வெள்ளைப் புகையைச் சுவாசிச்சா அண்டிரவே குளிர்காய்ச்சல் வரும். அதோட தண்ணிக்குழாயில "இரண்டரை இஞ்சி" எண்டுறது வெளி அளவில்லை, வெளியால அளந்தா 76 மில்லி, கிட்டத்தட்ட மூண்டு இஞ்சி. சைலன்சர் பைப்பை வெளியாலதான் அளக்கிறது. இது தெரியாம பிளாஞ்சையும் கிளாம்பையும் வாங்கிப்போட்டுப் பிறகு நிண்டு முழிக்கிற ஆக்கள் கனபேர்.

இப்ப அந்த ஸ்டெயின்லெஸ் கதை. கடையில காந்தத்தை வைச்சுக் காட்டுவினம், ஒட்டேல்லை, பாருங்கோ 304 எண்ட நல்ல ரகம், ஒறிஜினல் எண்டு. சுத்தின கதை தம்பி! கேற்றுக்கும் படிக்கட்டுக் கைபிடிக்கும் போடுற 201, 202 பைப்பும் காந்தத்தில ஒட்டாது, நிக்கலைக் குறைச்சு மங்கனீசைப் போட்டுச் செய்யிற மலிவுச் சாமான் அது. மற்றப்பக்கம் கார்க் கம்பனிக்காரரே சைலன்சருக்குப் போடுற 409 காந்தத்தில நல்லா ஒட்டும். அதால காந்தம் காட்டுறவரிட்ட சாமானே வாங்காதேங்கோ. பைப்பில இலக்கம் அடிச்சிருக்கோ, பில்லில 304 எண்டு எழுதித் தருவாரோ எண்டு கேளுங்கோ, எழுதமாட்டன் எண்டா விளங்குதுதானே.

வளைவு நசுங்கப்படாது. வளைக்கிற மெஷின் கிட்ட இல்லாட்டி மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்கலாம், ஆனா மணல் நல்லாக் காஞ்சிருக்கோணும், மாரியில அள்ளின ஈரமணலை இறுக்கி அடைச்சுச் சூடாக்கினா ஆவி அடைச்சு வெடிக்கும்.

இரண்டரை இஞ்சி போட்டாலும் ஒரு இடத்தில கவனம் வேணும். உங்கட டர்போவுக்குள்ளயே வேஸ்ட்கேட் இருக்கு, மிச்சப் புகையை டர்போச் சக்கரத்தில படாம வெளிய விடுற கதவு அது, அதின்ர ஓட்டை சின்னன். பின்பைப்பை நல்லாத் திறந்துவிட்டா டர்போ லேசாச் சுத்தும், அந்த ஓட்டையால மிச்சப் புகை முழுக்க வெளிய போக ஏலாம பூஸ்ட், அதாவது டர்போ என்ஜினுக்குள்ள தள்ளுற காத்தழுத்தம், தன்ர பாட்டில ஏறும். அதால பூஸ்ட் மீற்றர் பூட்டாம பரந்தன் – முல்லைத்தீவு றோட்டில ஏத்தி மிதிக்காதேங்கோ. வைச்ச அளவில முள்ளு நிண்டா பிரச்சினையில்லை. ஆர்பிஎம் கூடக்கூட முள்ளும் ஏறிக்கொண்டே போனா காலை எடுங்கோ, அந்த ஓட்டையைக் கொஞ்சம் அராவிப் பெருப்பிக்கோணும், அதுக்குப் பைப்பைச் சின்னனாக்கிறது வைத்தியமில்லை, பிஸ்டனை உருக்கிப்போட்டு என்னட்ட வரவும் வேண்டாம்.

மொறிஸில பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவற்ற காலடியில சேஸிக்குள்ள இருக்கு. பைப் அந்தப் பக்கத்தால போனா சூட்டுத்தகடு கட்டாயம், பிரேக் ஒயில் கொதிச்சா மிதி தரைமட்டும் போகும், வண்டி நிக்காது. டர்போவுக்குக் கிட்ட ஒரு பிளெக்ஸ் துண்டும் (வளைஞ்சு குடுக்கிற பைப்) வேணும், என்ஜின் ஆடுற ஆட்டத்துக்கு இல்லாட்டி வெல்டிங் வெடிக்கும். பின் அச்சுக்கு மேலால வளைக்கேக்க காரில நாலுபேரை ஏத்தி வைச்சு அளவெடுங்கோ.

பிறகு வண்டியின்ர பதிவுப் புத்தகம். என்ஜின் மாத்தினா நம்பர் புத்தகத்தில ஏறோணும், அதுக்கு அந்தக் கந்தோரில கடிதம், இந்தக் கந்தோரில முத்திரை எண்டு அலைய விடுவினம், ஒரு மேசையில சொன்னதை மற்ற மேசை இல்லை எண்ணும், ஏன் எண்டு கேட்டா நாளைக்கு வா. அலைஞ்சு களைச்ச ஆக்களைப் பிடிக்கத்தான் வாசல்ல ஒருத்தர் பைலோட நிப்பார், எல்லாம் செய்து தாறன் எண்டு. அவரிட்டப் புத்தகத்தைக் குடுக்காதேங்கோ. என்ஜின் வித்தவரிட்ட பில்லையும் இறக்குமதிப் பத்திரப் பிரதியையும் இந்தக் கிழமையே வாங்குங்கோ, கடை பூட்டினாப் பிறகு அதை ஆரும் தரமாட்டினம்.