தவறான விடையில் தெரியும் அனுபவம்

கேள்வி (செங்காங் வாசகி): தொடக்கநிலை 3 படிக்கும் என் மகளின் புதிய கணித ஆசிரியர் முன்பு பொறியாளராக இருந்தவராம். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் கிடைத்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். வேறு தொழிலிலிருந்து வருகிறவர்களும் சிங்கப்பூரின் ஆசிரியர் பயிற்சி நிலையமான தேசிய கல்விக் கழகத்தில் பட்டமேற்படிப்பு டிப்ளோமா முடித்துத்தான் நிரந்தர ஆசிரியர் ஆகிறார்கள். அதில் ஒரு பகுதி பள்ளிக்கூடத்திலேயே நடக்கும்: அவர் பாடம் நடத்த, மூத்த ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

கணக்கு தனக்கு எளிதாக வந்தவருக்கு, பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறது என்பது தொடக்கத்தில் சட்டெனப் பிடிபடாது என்பது உண்மைதான். அதைப் பயிற்சித்தாளிலேயே பார்த்துவிடலாம். தவறான விடைக்குப் பக்கத்தில் வெறும் குறுக்குக்கோடு மட்டும் இருக்கிறதா, பிசகிய வரியில் வட்டம் போட்டு ‘இந்த 18 யாருடையது?’ என்பது போல ஒரு கேள்வி இருக்கிறதா? இரண்டாவதைச் செய்பவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தாலும் நல்ல கையில்தான் உங்கள் மகள் இருக்கிறாள்.

கேள்வி (ஈசூன் வாசகர்): மகன் தொடக்கநிலை 4. கணக்கில் வரும் எண்களை நீளப் பட்டைகளாக வரையச் சொல்கிறார்கள். நான் ‘எக்ஸ்’ வைத்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டே வரியில் முடிகிறது, ஆனால் அவன் குழம்புகிறான். எது சரி?

பதில்: பட்டைதான். இயற்கணிதம் நம் பாடத்திட்டத்தில் தொடக்கநிலை 6-இல்தான் வருகிறது. அதற்கு முன் ‘எக்ஸ்’ என்பது பிள்ளைக்குப் பொருளில்லாத ஓர் எழுத்து. பட்டை முறையை 1980களில் கல்வி அமைச்சில் கோ தெக் ஹொங் தலைமையிலான குழு உருவாக்கியது. முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில் எண் என்ற வரிசைதான் அதன் உயிர்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அக்காவிடமும் தம்பியிடமும் சேர்த்து 50 ஸ்டிக்கர். அக்காவிடம் 18 அதிகம். தம்பியிடம் எத்தனை? பல பிள்ளைகள் 50-ஐப் பாதியாக்கி, 25-இலிருந்து 18-ஐக் கழித்து, 7 என்பார்கள். அப்படியானால் அக்காவுக்கு 25, மொத்தம் 32 தான் வருகிறது. கழித்தல் அவர்களுக்குத் தெரியும். கூடுதலாக உள்ளதை ஒதுக்குவதற்கு முன்பே பாதியாக்கியதுதான் பிசகு.

அனுபவமுள்ள ஆசிரியர் இந்த இடத்தில் இரண்டு தாள்பட்டைகளை எடுப்பார். ஒரே நீளம். ஒன்றின் வலது முனையில் வேறு நிறத் துண்டை ஒட்டி, அதில் 18 என்று எழுதுவார். இரண்டையும் இடது ஓரம் சமமாக இருக்கும்படி ஒன்றின்கீழ் ஒன்றாக வைப்பார். இடது ஓரம் சரியாக இல்லாவிட்டால் வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. படம் வரைந்தும் தப்பு வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பிறகு நிறத்துண்டைப் பின்னால் மடித்து, “இப்போது எவ்வளவு மீதி?” என்பார். 32. இரண்டு சமப் பட்டைகள். ஆளுக்கு 16. துண்டை மறுபடி விரித்தால் அக்காவுக்கு 34. கூட்டினால் 50.

வீட்டிலும் இதையே செய்யுங்கள். பழைய நாட்காட்டித் தாள் போதும். இதே வகையில் நான்கைந்து கணக்குகளைத் தாளை மடித்தே செய்யட்டும், பிறகு வரையட்டும். நேராகப் படத்துக்குத் தாவினால் கட்டங்களை மனப்பாடம் செய்துகொண்டு, எந்தக் கணக்கு வந்தாலும் அதே படத்தைப் போட்டுவிடுவான்.

கேள்வி (ஜூரோங் வாசகி): தமிழ் ஆசிரியர் வகுப்பில் பேச்சுத்தமிழில் பேச வைக்கிறார். மகன் கட்டுரையிலும் ‘வீட்டுல பாக்கறேன்’ என்று எழுதுகிறான். அதனால்தானே இது?

பதில்: வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்கள் வாயிலிருந்து தமிழ் வர வேண்டுமானால் பேச்சுமொழி வழியாகத்தான் வரும். மகன் ‘பாக்கறேன்’ என்று எழுதுகிறான் என்றால் காதில் விழுந்ததை ஒழுங்காகப் பிடித்திருக்கிறான் என்று பொருள். அது நல்ல அறிகுறி.

எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்தாதீர்கள். தாள் முழுக்கச் சிவப்பானால் பிள்ளை அடுத்த முறை பத்து வாக்கியத்துக்குப் பதில் நான்கே எழுதுவான், அதுவும் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து. ஒரு வாரத்துக்கு ஒரே மாற்றம் போதும். வீட்டுல–வீட்டில், பள்ளியில, பஸ்ஸில என்று அவன் சொல்லும் ஆறேழு சொற்களை இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் எழுத்து வடிவத்தை அவனே எழுதட்டும். அடுத்த வாரம் ‘பாக்கறேன்–பார்க்கிறேன்’. ‘எந்த எழுத்து ஒளிந்திருக்கிறது?’ என்று கேட்டால் ‘ர்’ஐ அவனே கண்டுபிடிப்பான்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): மகள் படிக்கும் தொடக்கநிலை 1-இல் தேர்வே இல்லை. பெற்றோர் சந்திப்பில் என்ன கேட்பது?

பதில்: தொடக்கநிலை 1, 2-இல் 2019 முதல் மதிப்பெண் கணக்கிடும் தேர்வுகள் இல்லை. ‘எப்படிப் படிக்கிறாள்?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பதோடு முடிந்துவிடும். ‘எந்த வேலையில் தடுமாறி நிற்கிறாள், நின்றவுடன் என்ன செய்கிறாள்?’ என்று கேளுங்கள். கை தூக்குகிறாளா, பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கிறாளா, பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கிறாளா என்று நல்ல ஆசிரியர் யோசிக்காமல் சொல்வார். போகும்போது அவளுடைய பயிற்சிப் புத்தகம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.