மூன்று தவணைச் சப்பாத்து

வணக்கம் அம்மா,

நான் மலேசியாவில், பினாங்கில் முதுகலை படிக்கிறேன். நகரத்து இந்தியக் குடும்பங்களின் நுகர்வுப் பழக்கம்தான் ஆய்வுத் தலைப்பு. ஜெலுத்தோங்கில் ஓர் அறையில் தங்கியிருக்கிறேன். இரவில் அன்றைக்குப் பார்த்ததை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். அரசியல், கடைத்தெரு, பஸ்ஸில் கேட்ட பேச்சு எல்லாம் கலந்து இருக்கும். என் மேற்பார்வையாளரிடம் சில பக்கங்களைக் காட்டினேன். "இது புலம்பல், கோட்பாடு எங்கே?" என்றார்.

2025 ஆகஸ்ட் 31, பதினெட்டு வயது தாண்டிய எல்லாருக்கும் அரசாங்கம் ஐசி, அதாவது அடையாள அட்டை, வழியாக 100 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்த நாள். சுங்கைப்பட்டாணியில் இருந்து வந்திருந்த என் அம்மாவோடு ஒரு பேரங்காடிக்குப் போனேன். மெஷின் தடங்கிவிட்டது. நிறைந்த தள்ளுவண்டிகளோடு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். சுதந்திர தினத்தன்று அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மைலோவுக்கும் பாலுக்கும் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தபோது, குடிமகன் என்பவன் வாடிக்கையாளன் ஆகிவிட்டான் என்று தோன்றியது. ஏன் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை? 2022 தேர்தலில் முதல்முறை ஓட்டுப் போட்டவன் நான். அன்று இருந்த நம்பிக்கை இப்போது இல்லை.

அதைவிட வெட்கம், அன்று இரவே போனில் 189 வெள்ளிக்கு ஒரு சப்பாத்து (காலணி) வாங்கினேன். மூன்று தவணை, வட்டி இல்லை. தேவையே இல்லை. நுகர்வு வெறியைப் பற்றி ஆய்வு செய்பவன் நான்! என்னைப் போன்றவன் எழுதும் இந்தக் குறிப்புகளுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் மேற்பார்வையாளர் பக்கம் நின்று முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புலம்பல் என்று அவர் சொன்னதில் பாதி சரி. ஆனால் கோட்பாடு இல்லாததால் அது புலம்பல் ஆகவில்லை. வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் நின்ற அம்மா தள்ளுவண்டியில் என்ன எடுத்து வைத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. சப்பாத்தின் விலை மட்டும் காசு பிசகாமல் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சொல். நுகர்வு, நுகர்வோர் என்பதெல்லாம் நீங்கள் படித்த தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இருந்து வந்திருக்கும். தப்பில்லை. ஆனால் நாங்கள் இங்கே கேட்டு வளர்ந்த சொல் பயனீட்டாளர். 1969-ல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதைத் தோட்டம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. 2019-ல் இறக்கும்வரை எஸ்.எம். முகமது இத்ரிஸ் அதன் தலைவராக இருந்தார். நான் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது ஒருவர் வந்து, ஒரு போத்தல் கலர் தண்ணீரில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று கண்ணாடிக் குவளையில் கரண்டி கரண்டியாகப் போட்டுக் காட்டினார். ஏழெட்டுக் கரண்டி. பின்வரிசைப் பையன்கள் "இன்னும் போடுங்க சார்" என்று கத்தினார்கள். நுகர்வோர் என்றால் எனக்குப் பூவை மோந்துகொண்டு நிற்பவர் மாதிரி இருக்கிறது. பயனீட்டாளருக்குக் கையில் ஒரு கணக்கு உண்டு. உங்கள் ஆய்வுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று நீங்களே பாருங்கள்.

கணக்கு என்றதும் எங்கள் வீட்டுச் சுவர்தான் ஞாபகம் வருகிறது.

தென் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்துக் கடையில் சம்பள நாள்வரை கடன். கடைக்காரரிடம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு இருக்கும். அட்டையில் 555 என்று அச்சடித்த, உள்ளங்கைக்குள் அடங்கும் நோட்டு. மலாய்க்காரர்கள் 'புக்கு தீகா லீமா', மூன்று ஐந்து நோட்டு, என்பார்கள். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், டின் பால் எல்லாம் அதில் ஏறும். அம்மாவின் நோட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்த சுவர். அரிசிக்கு நெடுக்குக் கோடு, டின் பாலுக்கு ஒரு வட்டம், மண்ணெண்ணெய்க்குப் புள்ளி. அடுப்புக்கரியால் போடுவார். கடையில் இருந்து வந்து சாமானை இறக்குவதற்கு முன்பே கரித்துண்டைத் தேடுவார்.

சம்பளத்தன்று இரண்டு கணக்கும் மோதும். சுவரைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? என்னைக் கூட்டிக்கொண்டு போவார். கிளம்புவதற்கு முன் வட்டங்களையும் கோடுகளையும் எண்ணி மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். கடைக்காரர் எச்சில் தொட்டு நோட்டைப் புரட்டி, "டின் பால் ஆறு" என்பார். நான் "அஞ்சு" என்பேன். அவர் சிரிப்பார். "பாப்பாவுக்குப் பால்னா கணக்கே மறந்துடுது பாரு!" அம்மா சிரிக்க மாட்டார். சில மாதம் கடைக்காரர் நோட்டில் ஒன்றைக் கோடு போட்டு அடிப்பார். சில மாதம் அடிக்க மாட்டார், ஆறுக்கே கட்டிவிட்டு வருவோம். சுவர் சொன்னதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். ஒரு முறை என் தம்பி சும்மா இருக்க முடியாமல் நாலைந்து வட்டம் சேர்த்து வரைந்து வைத்துவிட்டான். அந்த மாதம் கடைக்காரரே "என்னம்மா, உங்க கணக்கு என் கணக்கைவிடக் கூட வருது?" என்று கேட்டு எங்கள் மானத்தை வாங்கினார். வருடத்துக்கு ஒரு தடவை லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, சுண்ணாம்பு அடிப்பார்கள். அதற்கு முதல் நாள் ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் இறக்கி எழுதுவேன். என் முதல் எழுத்து வேலை அதுதான்.

அந்தக் கடைக்காரரை நல்லவராக்கி எழுத எனக்கு இஷ்டமில்லை. கூட எழுதியதும் அவர்தான், எங்கள் பாட்டி செத்த அன்று கேட்காமலே ஒரு மூட்டை அரிசியை லயத்துக்கு அனுப்பியதும் அவர்தான். அது ஒன்பது மாதம் நோட்டில் இருந்தது. ஆனால் அவர் முகம் எங்களுக்குத் தெரியும். போய் நின்று, "அஞ்சுதான்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

1977-ல் நான் பாயான் லெப்பாஸ் மின்னியல் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தேன். சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் கூட்டம் கூட்டமாக வருவோம். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை. முதல் சம்பளத்தில் பினாங்கு ஸ்ட்ரீட்டில் அம்மாவுக்கு ஒரு நைலக்ஸ் புடவை எடுத்தேன். 18 வெள்ளி. பிரித்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார், விலை கேட்டார். சொன்னேன். "மூணு நாள் பெரட்டு" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்துவிட்டார். எந்தச் சாமானுக்கும் அம்மாவிடம் வெள்ளிக் கணக்கு கிடையாது, நாள் கணக்குதான். விடிகாலை ஐந்தரைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நின்று, மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த மூன்று நாள். அந்தப் புடவையைக் கட்ட வைப்பதற்கு இரண்டு தீபாவளி ஆனது.

உங்கள் சப்பாத்தையும் அந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். 2025-ல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 65 வெள்ளி. 189 வெள்ளி என்றால், அன்றைக்கு உங்கள் ஐசியை வாங்கிச் செருகிய அந்தக் கல்லாப் பெண்ணுக்கு மூன்று நாள். ஐம்பது வருடம் ஆகப் போகிறது, கணக்கு மூன்று நாளிலேயே நிற்கிறது! அரசாங்கம் கொடுத்த 100 வெள்ளி ஒன்றரை நாள். அவர் அன்று எத்தனை பேருடைய ஒன்றரை நாளைப் பதிந்திருப்பார், எத்தனை பேரிடம் வசவு வாங்கியிருப்பார் என்று உங்கள் நோட்டில் இருந்தால், உங்கள் மேற்பார்வையாளர் வேறு கேள்வி கேட்டிருப்பார்.

சப்பாத்து வாங்கியதற்கு உங்களைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். நானும் 1983-ல் தவணையில் கலர் டிவி வாங்கியவள்தான். தவணை வசூலிக்க வெள்ளைச் சட்டை போட்டு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார், அவர் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்போம், டிவி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே வெட்கத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆய்வு செய்பவனுக்கு ஆசை இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? சர்க்கரை வியாதியைப் பற்றி எழுதுகிற டாக்டர் இனிப்பான தே தாரே தேத்தண்ணி குடிப்பதில்லையா?

நான் கவனித்தது வேறு. என் மகன் போனில் அந்தத் தவணைப் பக்கத்தைக் காட்டினான். 63 என்பது கொட்டை எழுத்தில், 189 என்பது அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், என் கண்ணாடிக்கும் எட்டாத அளவில். இப்போது நோட்டும் அந்தக் கம்பெனிக்காரர்களிடம், சுவரும் அவர்களிடம். நீங்கள் எத்தனை மணிக்கு வாங்குவீர்கள், எந்த நிறத்தைப் பார்த்தால் விரல் நிற்கும் என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் ஏறியிருக்கிறது. உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது? 'வெட்கம்' என்று ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் "அஞ்சுதான்" என்று வாதாட முடியும்?

குடிமகன் வாடிக்கையாளன் ஆகிவிட்டான் என்கிறீர்கள். நல்ல வாக்கியம், மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். ஆனால் எங்கள் லயத்தில் இந்த இரண்டும் தனித்தனியாக இருந்த ஞாபகம் எனக்கு இல்லை. தேர்தல் வந்தால் அரிசி வரும், கூடவே கொடி வரும். அரிசியை வாங்கிக்கொண்டு யாருக்குப் போட வேண்டுமோ அவர்களுக்குப் போட்டவர்களும் உண்டு, வாங்கிய அரிசிக்கு விசுவாசமாக இருந்தவர்களும் உண்டு.

ஒருவரும் கேள்வி கேட்பதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2015 ஏப்ரல் 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது நீங்கள் ஆரம்பப் பள்ளியை விட்டு வெளியே வந்திருப்பீர்கள். அதுவரை எங்கள் அடுக்குமாடியில் ரசீதைக் கசக்கிப் போட்டவர்கள் எல்லாரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரியைப் படிக்க ஆரம்பித்தார்கள். 6 விழுக்காடு. அது எந்தச் சாமானுக்கு உண்டு, எதற்கு இல்லை என்று மின்தூக்கியில் சண்டை. கீழ்வீட்டு அக்கா ஒருவர், பள்ளிக்கூடம் பார்க்காதவர், பேரனைக் கூட்டல் போடச் சொல்லி, ஒரு கடையில் திரும்பப் போய் 40 காசை வாங்கிக்கொண்டு வந்தார். 2018 மே 9 தேர்தலில் சுதந்திரம் கிடைத்த நாளில் இருந்து ஆண்ட கூட்டணி தோற்றது. ஜூன் 1-ல் அந்த வரி பூஜ்யம் ஆனது. செப்டம்பரில் எஸ்எஸ்டி என்ற பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது, ஒட்டுக்கடையில் ஏறின தேத்தண்ணி விலை இறங்கவே இல்லை, அது வேறு கதை. அந்தத் தோல்விக்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எங்கள் மாடியில் அது ரசீதின் கடைசி வரியில் தொடங்கியது. அக்காவுக்குக் கோட்பாடு தெரியாது. 40 காசு தெரியும்.

உங்கள் வரிசைக்குத் திரும்புவோம். அந்தக் கூட்டம் மைலோவுக்கும் பாலுக்கும் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். தூரத்தில் நின்று பார்த்த எழுத்து அது. உங்கள் அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தானே நின்றார்? 100 வெள்ளியை எப்படிப் பிரித்தார்? எதை எடுத்துவிட்டுத் திருப்பி வைத்தார்? உங்களுடைய 100 வெள்ளியையும் சேர்த்துத்தான் சாமான் எடுத்தாரா, இல்லை "உனக்கு வேண்டியதை எடுத்துக்கோ" என்று விட்டுவிட்டாரா? நூறைத் தாண்டிவிட்டதா, தாண்டியதற்கு யார் கைக்காசு போட்டது? சுங்கைப்பட்டாணிக்கு எதைத் தூக்கிக்கொண்டு போனார், எதை உங்கள் அறையில் விட்டுப் போனார்? கோட்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதை எழுதுங்கள்.

அம்மாவிடம் போன் போட்டுக் கேளுங்கள். ரசீதை மணிபர்சில் மடித்து வைத்திருப்பார், இந்த வயதுப் பெண்கள் தூக்கிப் போடுவதில்லை. கிடைத்தால் உடனே பார்த்து நோட்டில் இறக்கி எழுதிவிடுங்கள். இப்போது வருகிற அந்த வழவழப்புத் தாளில் எழுத்து கொஞ்ச நாளில் வெளுத்துப் போகிறது. இதற்குள்ளேயே பாதி போயிருக்கும்.