தூண்டில் கம்புக்காக காருக்கு கேரியர் வாங்கலாமா?

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன், தம்பி, பிள்ளைகள் என்று ஆறு பேர் ஏழு சீட் வண்டியில் தொண்டிக்கு மீன் பிடிக்கப் போவோம். மூன்று கம்புகள் இருக்கின்றன. இரண்டு 7 அடி, அதில் ஒன்று கழற்ற முடியாத ஒற்றைக் கம்பு. இன்னொன்று 12 அடி, மூன்று துண்டாகக் கழலும். உள்ளே வைத்தால் பிள்ளைகள் மிதித்துவிடுகிறார்கள். கூரை மேல் கம்புகளைப் பிடித்து வைக்கும் ஸ்டாண்டு ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் தூண்டில் நரம்பு சுற்றும் நல்ல ரீல் ஒன்றையே வாங்கிவிடலாம்.

முதலில் கம்பை அளந்து பாருங்கள். 12 அடிக் கம்பைக் கழற்றினால் ஒவ்வொரு துண்டும் 4 அடி சுமார்தான் வரும். இரண்டு துண்டான 7 அடிக் கம்பு மூன்றரை அடிக்கு மடங்கிவிடும். இவற்றை ஒரு துணிப்பையில் சுற்றி, உள்ளே ஒரு பக்கக் கைப்பிடிகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் யார் காலிலும் படாது. ஆக, கூரை தேவைப்படுவது அந்த ஒற்றைக் கம்புக்கு மட்டும்தான்.

அதையும் திறந்தபடி ஸ்டாண்டில் வைக்காதீர்கள். நம் பக்கம் கண்மாய்க்கரைப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் வண்டி மேல் கவிந்து நிற்கும். போன வருடம் என் கம்பைக் கூரையில் திறந்தபடி கட்டிக்கொண்டு போனேன். நரம்பு போகும் வளையத்தில் ஒரு முள்கொப்பு மாட்டி, நுனி ஒரு சாண் அளவுக்கு ஒடிந்துபோயிற்று. ஆசையாகச் சேர்த்து வாங்கிய கம்பு. இன்னும் மனசு ஆறவில்லை.

பி.வி.சி. பைப் போதும். பிளம்பிங் கடையில் 110 மி.மீ. கழிவுநீர்ப் பைப் 3 மீட்டர் நீளத்தில் கிடைக்கும். 8 அடிக்கு வெட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் மூடியை ஒட்டிவிடுங்கள்; பின்பக்கம் மரை போட்டுத் திருகும் மூடி. ரீலைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள், அது இந்தப் பைப்புக்குள் போகாது. தூண்டில் முள்ளையும் கழற்றிவிடுங்கள். கம்பின் தடித்த கைப்பிடிப் பக்கம்தான் முன்னால் இருக்க வேண்டும். பிரேக் போட்டால் கம்பு முன்னால் சறுக்கும். நுனி அங்கே இருந்தால் மூடியில் இடித்து ஒடியும். மூடிக்கு உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் இன்னும் நல்லது. வெயிலில் உள்ளே சூடேறும், அதனால் வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள். கடலுக்குப் போய் வந்தால் கம்பை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்த பிறகுதான் உள்ளே போட வேண்டும்.

அடுத்து, பைப்பை எதில் கட்டுவது? வண்டியின் மேல் நீளவாக்கில் ஓடும் ரெயிலைப் பார்த்ததும் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். நிறைய வண்டிகளில் அது வெறும் அலங்கார பிளாஸ்டிக். வண்டியோடு வந்த கையேட்டில் கூரை எவ்வளவு கிலோ தாங்கும் என்று இருக்கிறதா பாருங்கள். தாங்கும் ரெயில் என்றால், குறுக்கே இரண்டு கம்பி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு யூ கிளாம்ப் போட்டு முடுக்கினால் பைப் அசையாது. அலங்கார ரெயில் என்றால் கூரை ஆசையை விட்டுவிட்டு, கழலும் 7 அடிக் கம்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கப் வைத்த ஸ்டாண்டும் வருகிறது. நம் ஊர்ச் செம்மண் தூசிக்கும் மேமாத வெயிலுக்கும் அதை நம்ப முடியாது. பைபாஸில் பின்னால் பைக்கில் வருபவர் மேல் விழுந்தால் என்ன ஆகும்?

12 அடிக் கம்பைத் துண்டுகளாகக் கழற்றாமல் அப்படியே கூரையில் வைத்து, முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கிறேன். அனுமதித்த அளவைத் தாண்டி சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். கார்பன் கம்பில் மின்சாரம் பாயும். கரைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டுக் கம்பை மாட்டுங்கள். பிள்ளைகளிடம் இதை ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

கேள்வி: காரைக்குடியில் ஒரு கடையில் கேரியர் வாங்கினேன். ஒரு கிளாம்பில் மரையே சரியில்லை, முடுக்கினால் வழுக்குகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டோம்’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கெடு எதுவும் இல்லை என்றால், 30 நாளுக்குள் கொண்டுபோனால் அதைத் திரும்ப வாங்க மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லையும், மரை வழுக்குவதை எடுத்த வீடியோவையும் பத்திரமாக வையுங்கள். கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். அப்போதும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை அந்தக் கேரியரில் எதையும் ஏற்றாதீர்கள்.