பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் பத்தியமா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்விகளுக்குள் போகும் முன் ஒரு வார்த்தை. "சுகர் 7 இருக்கிறது, பயப்பட வேண்டுமா?" என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? வெறும் வயிற்றில் எடுத்த 7 மில்லிமோல் என்றால், 18ஆல் பெருக்கினால் 126 மில்லிகிராம். நீரிழிவு அங்கேதான் தொடங்குகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த 7 என்றால் கவலையே இல்லை. ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 7 என்றால் நீரிழிவு ஏற்கெனவே வந்துவிட்டது. ஒரே எண், மூன்று பதில். அலகு, ரத்தம் எடுத்த நேரம், சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். போன முறையும் இதைத்தான் கேட்டுக்கொண்டேன்.

கேள்வி: கொலஸ்ட்ராலுக்குப் பயந்து முட்டையின் மஞ்சள் கருவை எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறேன். சரிதானா?

ஒரு மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனால் உடலில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலே தயாரிப்பது. வெளியிலிருந்து கூடுதலாக வந்தால் பெரும்பாலோருக்கு அந்தத் தயாரிப்பு குறையும். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை அதைவிட அதிகமாக ஏற்றுவது வெண்ணெய், கொழுப்பு இறைச்சி போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு. கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளை அது குறைத்துவிடுகிறது. வேறு பிரச்சினை இல்லாதவர் தினம் ஒரு முழு முட்டை சாப்பிடலாம். அதை எவ்வளவு வெண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று பாருங்கள். நீரிழிவோ பரம்பரையாக உயர் கொலஸ்ட்ராலோ இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாற்பதைத் தாண்டியதும் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிட்டது. எடை ஏறுகிறது. அதைத் தூண்டிவிட உணவு உண்டா?

மந்தமாகவில்லை. பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயது வரை, 6,000க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளை வைத்து 2021இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. உடலின் பருமனையும் தசையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை எரிசக்திச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் ஆண்டுக்கு முக்கால் சதவீதம் போலக் குறைகிறது. நாற்பதில் மாறியிருப்பது உங்கள் நடை, தூக்கம், தசை, தட்டில் விழும் அளவு. தூண்டிவிடும் உணவு என்று விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாவுச்சத்தை நிறுத்திய முதல் வாரம் 3 கிலோ குறைந்தது. இரண்டாம் வாரம் அரைக் கிலோ கூட இல்லை. எங்கே தவறு?

தவறு எதுவும் இல்லை. முதல் வாரம் போனதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் அரைக் கிலோ அளவுக்கு கிளைகோஜன், அதாவது உடல் சேர்த்து வைக்கும் சர்க்கரை, சேமிப்பில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையும்போது அந்தத் தண்ணீரும் போய்விடும். இரண்டாம் வாரக் கணக்குதான் உண்மையான கணக்கு.

கேள்வி: அடுத்த வாரம் அலுவலகத்தில் முழு உடல் பரிசோதனை. சுகர், கொழுப்பு எல்லாம் சரியாக வர இந்த ஐந்து நாளும் என்ன சாப்பிடலாம்?

எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். மாதம் தவறாமல் வரும் கேள்வி இது. வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரத்தம் கொடுப்பது உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள. மதிப்பெண் வாங்க இல்லை.

லேபில் நான் வேலை பார்த்த நாளில் கண்டதைச் சொல்கிறேன். ஒருவருடைய ரத்தத்தைச் சுழற்றி எடுத்தோம். குழாயின் மேல்பாதியில் வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்க வேண்டிய சீரம், பால் ஊற்றியதுபோல் வெளுத்து நின்றது. குழாய்க்குப் பின்னால் சீட்டைப் பிடித்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 900 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. கணையமே வீங்கிப்போகும் ஆபத்து உள்ள அளவு அது. ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை சீரம் தெளிவாக இருந்தது. ட்ரைகிளிசரைடு 200க்குள். முகமெல்லாம் மலர்ச்சி. ஆனால் ஹெச்பிஏ1சி 8க்கு மேல். விசாரித்தபோது, முந்தின வாரம் மட்டும் இனிப்பையும் மதுவையும் விட்டிருக்கிறார். மற்ற நாளெல்லாம் பழையபடிதான். அந்த நாள்களில் அவர் ரத்தத்தை யார் பார்த்தார்கள்?

ஐந்து நாளில் அசையக்கூடியது ட்ரைகிளிசரைடு. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கலாம். எல்டிஎல் மாற வாரக்கணக்காகும். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதத்துக் கதையைச் சொல்லும். அதை ஐந்து நாளில் மாற்ற முடியாது.

அப்புறம், திடீர்ப் பத்தியம் ரிப்போர்ட்டைக் கெடுக்கவும் செய்யும். சில நாள் மாவுச்சத்தை அடியோடு விட்டுவிட்டு குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனைக்குப் போனால், கொழுப்பை எரித்துப் பழகிய உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் தடுமாறும். இல்லாத நீரிழிவு இருப்பதுபோல் காட்டும். அதற்காகத்தான் முந்தின மூன்று நாளும் தினம் 150 கிராம் மாவுச்சத்தாவது சாப்பிடச் சொல்கிறோம். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறும். பட்டினியில் கொழுப்பு எரிந்து உண்டாகும் கீட்டோன்கள் என்ற பொருள்கள் அது சிறுநீரில் வெளியேறுவதைத் தடுக்கின்றன. முந்தின நாள் வழக்கமில்லாமல் ஓடோடு என்று ஓடினால் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி என்ற நொதி தசையிலிருந்து கசிந்து, கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று கலங்க வைக்கும்.

வழக்கமான சாப்பாடு, முந்தின இரவு மது வேண்டாம், 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். அவ்வளவுதான். அடுத்த முறையும் அதே லேபில், அதே நேரத்தில் கொடுங்கள். ட்ரைகிளிசரைடு நாளுக்கு நாள் 20 சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். ஒரே ரிப்போர்ட்டை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

கேள்வி: பழம் நல்லது என்றால் பழச்சாறும் நல்லதுதானே?

இல்லை. ஒரு தம்ளர் சாற்றில் மூன்று நான்கு பழத்தின் சர்க்கரை இருக்கிறது, நார்ச்சத்து போய்விட்டது. அவ்வளவு ஃபிரக்டோஸ் ஒரே நேரத்தில் கல்லீரலுக்குப் போனால் கொழுப்பாகவும் யூரிக் அமிலமாகவும் மாறும். பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்.

கேள்வி: வெண்ணெய், கொழுப்பு இறைச்சி எல்லாம் விட்டு ஆறு மாதமாகிறது. எல்டிஎல் இறங்கவில்லை. தினம் ஐந்து கப் காபி குடிப்பேன். பொடியைக் கொதிக்க வைத்து வடிகட்டாமல் குடிப்பது வழக்கம். அது காரணமாக இருக்குமா?

விவரமாக எழுதியதற்கு நன்றி. இருக்கலாம். காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது எல்டிஎல்லை ஏற்றும். கொதிக்க வைத்த காபியில் அது அப்படியே கோப்பைக்கு வந்துவிடும். காகித வடிகட்டி அதில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதம் காகிதத்தில் வடிகட்டிக் குடித்துவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதோடு தைராய்டையும் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்டிஎல் இறங்காது.

கேள்வி: கிரியாட்டினின் கூடியிருக்கிறது. புரதத்தை நிறுத்திவிடவா?

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு. எவ்வளவிலிருந்து எவ்வளவு கூடியது? உங்கள் வயது? எதுவும் எழுதவில்லை. முந்தின இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டாலோ, உடற்பயிற்சிக்காகக் கிரியாட்டின் பொடி குடித்தாலோ, சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே இது கூடும். இறைச்சியால் மாறாத இன்னொரு சிறுநீரகப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: இரவு படுக்கும்போது 104, காலையில் வெறும் வயிற்றில் 118 மில்லிகிராம். இடையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மீட்டர் பழுதா?

மீட்டர்களில் 10, 15 சதவீத வித்தியாசம் வரும். ஆனாலும் இது பெரும்பாலும் உங்கள் கல்லீரலின் வேலை. விடியும் நேரத்தில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும். உடனே கல்லீரல் சேமித்த குளுக்கோஸை ரத்தத்தில் விடும். இன்சுலின் நன்றாக வேலை செய்பவருக்கு அது கட்டுக்குள் நிற்கும். 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய கட்டம். மீட்டரை மாற்றுவதைவிட ஹெச்பிஏ1சி எடுப்பது பயனுள்ளது. இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்து, பதினைந்து நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலின் அதிகம் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: 16 கிலோ குறைத்தேன். ஹெச்பிஏ1சி 7.4லிருந்து 5.9க்கு வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே?

16 கிலோ சாதாரண உழைப்பில்லை, மனமாரப் பாராட்டுகிறேன். பிரிட்டனில் சுமார் 300 பேரிடம் நடந்து 2017 இறுதியில் வெளியான ஆய்வில், தினம் 850 கலோரி அளவில் சில மாதம் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஓராண்டு கழித்து மருந்தில்லாமல் 6.5க்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். ஆனால் அங்கே மாத்திரையை நிறுத்தியதும் தொடர்ந்து கண்காணித்ததும் மருத்துவக் குழு. உங்கள் 5.9 மாத்திரையோடு வந்ததா, நிறுத்திய பிறகு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வாரமே மருத்துவரிடம் போய் நிறுத்தியதைச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். எடை இறங்கினால் அதன் அளவையும் குறைக்க வேண்டிவரும். நிறுத்திய நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் ஹெச்பிஏ1சி எடுத்து, தேதியோடு எனக்கு எழுதுங்கள்.