வலப்பக்கம் பதிந்து நிற்கும் எம்ஜிபி: எந்த ஸ்பிறிங்கில் பிழை?

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒரு தம்பி கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறார்: "அண்ணை, கண்டியில வாங்கின 1967 எம்ஜிபி. ஆள் ஏறாமலே வலப்பக்கம் பதிஞ்சு நிற்குது. முன் வலதுதான் கூட, ஒண்டேகால் அங்குலம் வரும். பின் ஸ்பிறிங் புஷ் எல்லாம் போன வருஷம் மாத்தினது. கராஜில ஷொக் அப்சோபரை மாத்தச் சொல்லுகினம். மாத்தவோ?"

வேண்டாம் தம்பி. அந்தக் காரில் இருப்பது எண்ணெயில் வேலை செய்யும் பழைய நெம்பு வகை ஷொக் அப்சோபர். அது துள்ளலை அடக்குமே தவிர காரின் பாரத்தைத் தாங்காது. எண்ணெய் முழுக்க ஒழுகிப்போனாலும் கார் படகு மாதிரி ஆடும், ஆனால் பதியாது. இன்னொருவர் வந்து "முன் பாரைத் திருகி உயர்த்தலாம்" என்றும் சொல்லக்கூடும். அது மொரிஸ் மைனர் பார்த்துப் பழகின கை. மைனருக்கு முன்னால் அந்தப் பார், அதாவது முறுக்குக் கம்பி இருக்கிறது, அதில் உயரத்தைத் திருத்தலாம். எம்ஜிபிக்கு முன்னால் சுருள் ஸ்பிறிங், பின்னால் தகட்டு ஸ்பிறிங். திருகுவதற்கு ஒன்றுமே இல்லை.

எனக்கு முதலில் உறுத்துவது அந்தப் புஷ், அதாவது ஸ்பிறிங் முனைகளில் இருக்கும் றப்பர் உருளை, மாற்றின கதைதான். புஷ் போட்டவர் சில்லு தொங்கின நிலையிலேயே நட்டுகளை இறுக்கிவிட்டாரென்றால், கார் நிலத்தில் இறங்கும்போது றப்பர் முறுக்குப்பட்டு அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். இடது அப்படி, வலது ஒழுங்காக என்றால் வலது பதிந்ததுபோலத் தெரியும், உண்மையில் இடதுதான் உயர்ந்து நிற்கும். கராஜ் குழியின் மேல் நாலு சில்லிலும் நிற்கவிட்டு, பின் ஸ்பிறிங்கின் முன் போல்ட்டையும் அதன் பின்முனையைத் தாங்கும் ஷக்கிளின் நட்டுகளையும் தளர்த்தி, காரை நாலைந்து தரம் அமுக்கி ஆட்டிவிட்டு, அதே நிலையில் இறுக்குங்கள். செலவே இல்லை. இப்படியே வருத்தம் தீர்ந்த கார்கள் உண்டு.

அதற்கும் சரிவராவிட்டால் அளக்கவேண்டியதுதான். முற்றத்து மணலில் அளக்காதீர்கள், அரிசி ஆலைகளில் நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் நல்லது. அதுவும் மழைத்தண்ணீர் ஓடச் சரித்துக் கட்டியிருப்பார்கள், ஆகவே மேசன்மாரின் தண்ணீர்க் குழாயால் நாலு சில்லு நிற்கும் இடத்தையும் மட்டம் பாருங்கள். ரயர் நாலும் ஒரே அளவா, இரண்டு பக்கமும் காற்று ஒன்றா என்று பார்த்துவிட்டு, சில்லின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை அளவெடுங்கள். ஆனால் அந்த வளைவை முழுதாக நம்பவேண்டாம், எங்கோ அடிபட்டு பட்டி பூசித் திருத்தின காரென்றால் வளைவே அரை அங்குலம் பொய் சொல்லும். கீழே சட்டத்திலிருந்து நிலத்துக்கும் ஒரு அளவு வையுங்கள்.

பதிந்த மூலையில்தான் பிழை என்று நினைக்கிறோம், அப்படித்தான் இருக்கவேண்டும் என்றில்லை. நாலுகால் மேசையில் ஒரு கால் கட்டையானால் எதிர்மூலைதான் கிளம்பும், காரும் அப்படித்தான். பின் இடது ஸ்பிறிங் விறைத்து உயர்ந்தாலும் முன் வலது பதியும். இதைப் பிரித்துப் பார்க்க, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, முன் குறுக்குச் சட்டத்தின் நடுமத்தியில் ஜக்கைக் கொடுத்து முன் சில்லு இரண்டும் நிலத்தை விடும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். ஜக்கின் தலை சிறிதாக இருக்கவேண்டும், அப்போதுதான் கார் அதன்மேல் இரு பக்கமும் சரிய இடமிருக்கும். கீழே யாரும் நுழையக்கூடாது. இப்போது பின்பக்கத்தை அளந்தால், சரிவு போய்விட்டது என்றால் கோளாறு முன்னால், சரிவு அப்படியே நின்றால் பின்னால். பிறகு பின் அச்சின் நடுவில் ஜக் வைத்து முன்பக்கத்தை அளந்து உறுதிப்படுத்துங்கள்.

பின்னால் என்றால் இரண்டு பக்கத்துத் தகடுகளையும் எண்ணுங்கள், எவராவது லொறித் தகடு ஒன்றைச் சொருகியிருப்பார்கள், நம்மூரில் அது புதினமில்லை. தகடு நகர்ந்த இடத்தில் துருவுக்குப் பக்கத்தில் பளபளத்த ஒரு கீறல் தெரியும், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டையும் பாருங்கள். ஸ்பிறிங்கின் முன்முனை பூட்டும் பெட்டிச்சட்டம் உக்கியிருந்தால் ஸ்பிறிங்கில் பிழையே இல்லை, ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள். ஐமிச்சமென்றால் இரண்டு ஸ்பிறிங்கையும் இடம் வலம் மாற்றிப் பூட்டுங்கள்: சரிவும் கூடவே பக்கம் மாறினால் ஸ்பிறிங்தான், மாறாவிட்டால் பூட்டும் இடம். கொல்லனிடம் வளைத்தெடுக்கலாம், ஆனால் சோடியாக, குளிர் இரும்பில் தட்டித்தான். காஸால் சூடாக்கினால் பதம் போய்த் திரும்பவும் படுத்துவிடும்.

முன்னால் என்றால் குறுக்குச் சட்டத்துக்கும் பொடிக்கும் இடையிலுள்ள றப்பர்களைப் பாருங்கள், பிறகு சுருள்களின் கம்பித் தடிப்பும் சுற்று எண்ணிக்கையும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று. மேல்கூரை உள்ள எம்ஜிபி ஜிடியின் ஸ்பிறிங் வேறு, 1974க்குப் பிந்திய றப்பர் பம்பர் காரின் உயரமும் வேறு. கலந்து போட்டிருந்தால் அங்கேயே விடை கிடைக்கும். அரை அங்குல வித்தியாசமென்றால் நான் கழற்றவே மாட்டேன். கழற்றத்தான் வேண்டுமென்றால் சுருளைத் தாங்கும் அடித்தட்டின் போல்ட்டுகளை வெறுமனே கழற்றாதீர்கள், அந்தச் சுருள் பாய்ந்தால் கை போகும். நீளப் போல்ட்டுகளைப் பூட்டிச் சிறிது சிறிதாக இறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.